பாண்டி ஒயிட் டவுன்ல ரூம் போடுறவங்க இத படிச்சிட்டு பணம் கட்டுங்க

நேத்து ராத்திரிதான் ஊர் வந்து சேர்ந்தோம், இன்னும் கோவம் அடங்கல, கோர்வையா இல்லன்னா பொறுத்துக்கோங்க. 13,500 ரூபா. ரெண்டு ரூம், ரெண்டு நைட். போயே போச்சு.

ஆகஸ்ட் 15 லீவுக்கு அப்பா அம்மாவ கூட்டிட்டு பாண்டி போலாம்னு பிளான். அரவிந்தர் பிறந்தநாளும் அன்னிக்குதான், ஆசிரமத்துக்கு எங்கெங்கிருந்தோ வருவாங்க, அந்த நேரத்துல ரூம் குதிரைக்கொம்பு, அதனால முன்கூட்டியே ஒரு புக்கிங் ஆப்ல தேடி ஒயிட் டவுன்ல, அதான் கடலோரம் இருக்கற பழைய பிரெஞ்சு ஏரியால, ஒரு சின்ன ஹெரிடேஜ் ஹோட்டல் புடிச்சேன். மஞ்ச சுவரு, வாசல்ல காகிதப்பூ கொடி, உள்ள முற்றம். பேர் போடல, வக்கீல் மாமா போடாதன்னுட்டாரு. பணம் ஹோட்டல்ல வந்து கட்டினா போதும்னு ஆப்ல இருந்துச்சு, சரின்னு புக் பண்ணிட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஹோட்டல் மேனேஜர்னு ஒருத்தன் போன். "அக்கா, ஆப்புக்கு நாங்க கமிஷன் அழ வேண்டியிருக்கு, நீங்க அதுல கேன்சல் பண்ணிட்டு நேரா ஜிபே பண்ணுங்க, ரேட்டு குறைச்சு தரேன்"னான். நான் ஒடனே சரின்னு சொல்லல. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, கீழ் ரூம் இருந்தாதான் வருவோம்னேன். "எங்க அம்மாவுக்கும் இதே பிரச்சனதான்க்கா, முற்றத்த ஒட்டின ரூமே தரேன், பாத்ரூம்ல கைப்பிடி கூட வச்சிருக்கோம்"னு சொல்லி அப்பவே வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பினான். வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்துல பளபளன்னு ஸ்டீல் கைப்பிடி, அத கையால ஆட்டி வேற காட்டுறான், ஸ்ட்ராங்கா இருக்கு பாருங்கன்னு. அம்மா அத ரெண்டு தடவ போட்டு பார்த்தாங்க. அவ்ளோதான், 13,500 அனுப்பி ஆப்லயும் கேன்சல் பண்ணியாச்சு.

350 வருஷத்து பிரெஞ்சு வீடுக்கான்னு வேற பெருமை. 1761ல இங்கிலீஷ்காரன் ஊரையே இடிச்சு தரைமட்டமாக்கினான், 1765ல பிரெஞ்சுக்காரன் கைக்கு திரும்பி வந்தப்புறம் கட்டினதுதான் இப்ப இருக்கறதெல்லாம். அப்பா அன்னிக்கே சொன்னாரு, இவன் வாயத் தொறந்தா புளுகுறான்னு.

போய் எறங்கினா ரிசப்ஷன்ல வேற ஒரு பையன். "உங்க பேர்ல புக்கிங்கே இல்லையே மேடம்." ஜிபே ஸ்கிரீன்ஷாட் காட்டினா "அது மேனேஜர் நம்பர், அவரு லீவு". நான் விடாம உள்ள போய் பார்த்தேன், அதே முற்றம், அதே ரூம், கதவு தொறந்து கெடக்கு, அந்த கைப்பிடில யாரோ ஈர துண்ட காயப்போட்டிருக்காங்க. வேற குடும்பத்துக்கு எவ்ளோக்கு வித்தானோ.

அப்புறம் "எங்க இன்னொரு பிராப்பர்ட்டி இருக்கு"ன்னு ஒயிட் டவுன தாண்டி பெரிய வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு லாட்ஜுக்கு அனுப்பினாங்க. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது. சாயங்காலம் ஆறு ஆயிட்டா பீச் ரோட்லயும் வண்டி விட மாட்டாங்க, அம்மாவ கடல் பக்கம் கூட்டிட்டு போய் ஆற வைக்கலாம்னா அதுக்கும் ஆட்டோ தள்ளியே எறக்கி விட்டுட்டான். திரும்பி வந்து ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து ஏறினாங்க. போர்வைல சிகரெட் நாத்தம். காலைல காலி பண்ணிட்டோம், வேற எங்க ரூம் கெடைக்கும் அந்த கூட்டத்துல?

இதுக்கப்புறம்தான் உண்மையான கூத்து. மேனேஜர் ஒரு வழியா எடுத்து "ஒரு நைட்டு தங்கிட்டீங்கல்ல, ரீஃபண்ட் வராது"ன்றான். சரி இன்னொரு நைட்டுக்காவது குடுன்னா "அக்கவுன்டன்ட் திங்கக்கெழமதான் வருவாரு". அதுக்கப்புறம் போன் எடுக்கல, வாட்ஸப்ல அவன் போட்டோவும் காணோம், பிளாக்! ஆப் கஸ்டமர் கேர்ல பேசினா "நீங்களே கேன்சல் பண்ணிட்டீங்க மேம், எங்களுக்கு சம்பந்தமில்ல", வச்ச கையோட எங்க சேவைக்கு எத்தன ஸ்டார்னு மெசேஜ். பில் கேட்டதுக்கு வெள்ள பேப்பர்ல கிறுக்கி குடுத்திருக்கானுங்க, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. 13,500 ரூபாய்க்கு!

டிப்ஸ் விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். ஆப்ல புக் பண்ணா ஆப்லயே இருங்க, கேன்சல் பண்ணுன்னு எவனாவது போன் பண்ணா வச்சிடுங்க. ஜிபேல வர்ற பேரு ஹோட்டல் பேரா, தனி ஆள் பேரான்னு பாருங்க, எனக்கு தனி ஆள் பேர்தான் வந்துச்சு. கூகுள்ல லேண்ட்லைன் இருந்தா அதுல அடிச்சு ரூம கேட்டு உறுதி பண்ணுங்க. ஆன்லைன்ல ஏமாந்தா ஒடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட் பண்ணா பணம் கை மாறிடும். சர்வீஸ் பிரச்சனன்னா கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915, நான் அதுலயும் போட்டிருக்கேன், கம்ப்ளைன்ட் நம்பர் மட்டும் வந்திருக்கு, 13,500 வரல.