வைஃபை போனால் போர்டு போனதாக அர்த்தமில்லை: சேலத்தில் உபுண்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவரின் மடிக்கணினி அது. கணக்கு வழக்கெல்லாம் அதில்தான். உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு அப்கிரேட் முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை காணோம். ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. புதிய பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறார். கடை பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமல்ல என்பது இன்னொன்று.

கடையில் சொன்னது (ஐசி என்றால் போர்டில் இருக்கும் சிப்): "போர்டுல வைஃபை ஐசி போயிருச்சுங்க, ஆடியோ ஐசியும் அடி வாங்கியிருக்கு. இந்த மாதிரி ஓஎஸ் போட்டா இப்படித்தாங்க ஆகும்."

கொடுத்த பில்: வைஃபை கார்டு 1,850 ரூபாய், சிப் லெவல் சர்வீஸ் 3,200, ஓஎஸ் இன்ஸ்டலேஷன் 750. கூட்டினால் 5,800. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று 1,044 சேர்த்து 6,844 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில் என்பது கடை பெயர் அச்சடித்த ஒரு வெள்ளைத் தாள். ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. பதிவு செய்யாத கடை ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பதிவு செய்த கடையென்றால் பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுக்கு அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கணினி திரும்பி வந்தபோது வைஃபை வேலை செய்தது, சத்தமும் வந்தது. ஆனால் உள்ளே உபுண்டு இல்லை. தரவு இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியை மொத்தமாக ஃபார்மட் அடித்து, வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துபோன விண்டோஸ் 10-ஐ, லைசென்ஸ் இல்லாமல், ஆக்டிவேட்டர் என்ற திருட்டு மென்பொருள் வைத்துப் போட்டிருந்தார்கள். அழிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி அந்த 1,850 ரூபாய் கார்டுக்கு வருவோம். பட்டறையில் பிரிண்டர் வசதிக்காக ரவுட்டரில் இந்த மடிக்கணினிக்கு நிரந்தர ஐபி (நெட்வொர்க் முகவரி) ஒதுக்கியிருந்தார்கள். அப்படி ஒதுக்குவது கார்டுக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துத்தான். ஒவ்வொரு கார்டுக்கும் அது தனி. கார்டு நிஜமாகவே மாறியிருந்தால் ரவுட்டர் இதைப் புதுக் கருவி என்று வேறு ஐபி கொடுத்திருக்கும். கொடுத்ததோ அதே பழைய ஐபி. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் ப்ராட்காம் நிறுவனத்தின் அதே பிசிஎம்43142 கார்டு, ஆன்டெனா வயர் முனையில் தூசிகூடக் கலையவில்லை. கார்டும் மாறவில்லை, போர்டில் சால்டரிங் நடந்த அடையாளமும் இல்லை.

பிறகு வைஃபை எப்படி வந்தது? இந்தச் சிப்புக்கான டிரைவர் (சிப்பை ஓஎஸ்ஸோடு பேச வைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 10-இல் கூடவே வந்துவிடும், இல்லையென்றால் கடைக்காரர்கள் வைத்திருக்கும் டிரைவர் பேக்கில் இருக்கும். ஓஎஸ்ஸை மாற்றியதும் வைஃபை தானாக உயிர் பெறுகிறது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது ஐசி மாற்றியதால் வந்த பலன் மாதிரி தெரிகிறது. சூட்சுமம் மொத்தமும் இதற்குள் இருக்கிறது.

உண்மையில் கெட்டுப்போனது என்ன என்பதற்கும் ஆதாரம் இருந்தது. கடைக்குப் போவதற்கு முன்பே அவர் டெர்மினலில் (கட்டளையைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" (dkms status) கொடுத்து, திரையைப் போட்டோ எடுத்து நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அதில் பிசிஎம்டபிள்யூஎல் 6.30.223.271 (அந்த ப்ராட்காம் கார்டின் டிரைவர்) என்ற வரிக்கு எதிரே "ஆடட்" என்று மட்டும் இருந்தது. அங்கே "இன்ஸ்டால்டு" என்று வர வேண்டும். டிரைவரின் சோர்ஸ் (மூல நிரல்) இருக்கிறது, ஓஎஸ்ஸின் மையப் பகுதியான புதுக் கெர்னலுக்கு ஏற்றபடி அது கட்டப்படவில்லை என்று பொருள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ப்ராட்காமின் இந்த டிரைவர் கெர்னலுக்குள் வருவதில்லை. அந்த நிறுவனம் 2015-க்குப் பிறகு புதிய பதிப்பும் விடவில்லை. உபுண்டுக்காரர்கள் அதற்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கெர்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது புதிதாகக் கட்ட வேண்டும். 22.04 வந்தபோது கெர்னல் 5.15, 24.04-இல் 6.8, அதற்குப் பின் 24.04.2-இல் 6.11, 24.04.3-இல் 6.14. இத்தனை தாவலில் எங்கே வேண்டுமானாலும் தடுக்கலாம். கட்டுவதற்குத் தேவையான கெர்னல் ஹெட்டர்ஸ் கோப்புகள் இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. அப்கிரேட் நடுவில் நின்று, டிரைவர் பேக்கேஜ் பழையதாகவே தங்கிவிட்டாலும் ஆகாது. கம்பைல் ஆனாலும் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத மென்பொருளை ஏறவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்து, கட்டிய டிரைவர் மாட்யூலின் சாவி பதிவாகவில்லை என்றால் கெர்னல் அதை உள்ளே விடாது. "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று பிழை காட்டும்.

சரிசெய்ய ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டியதில்லை. வைஃபை இல்லாமல் இன்டர்நெட்டுக்கு எங்கே போவது என்பதுதான் பலருக்கும் முதல் தடங்கல். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். உபுண்டு அதை வயர் இணைப்பு மாதிரி எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. அப்புறம் அப்டேட் கொடுத்துவிட்டு, லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனெரிக் (linux-headers-generic), பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ் (bcmwl-kernel-source) இரண்டையும் ஆப்ட் (apt) கட்டளையில் ரீஇன்ஸ்டால் செய்ய வேண்டும். டெர்மினல் பழக்கமில்லாதவர்கள் "அடிஷனல் டிரைவர்ஸ்" ஜன்னலைத் திறந்து ப்ராட்காம் வரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

செக்யூர் பூட் ஆனில் இருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். வைரஸோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டால் அது தானாக நகர்ந்து உபுண்டுக்குள் போய்விடும். சாவி பதிவாகாது, வைஃபை வராது. "இன்ஸ்டால் பண்ணியும் வரல" என்று சொல்பவர்கள் பலரும் கோட்டைவிடும் இடம் இது. பத்து நொடிக்குள் ஒரு கீயைத் தட்டி, என்ரோல் மாக் (Enroll MOK, சாவியைப் பதிவு செய்), கன்டின்யூ, யெஸ் என்று போய், வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையில் கீபோர்டு அமெரிக்க அமைப்பில்தான் வேலை செய்யும். பாஸ்வேர்டில் சிறப்புக் குறிகள் இல்லாமல் எண்ணும் சின்ன எழுத்துமாக வைப்பது நல்லது.

சத்தம் விஷயம் இன்னும் சுலபம். அமைப்பில் ஸ்பீக்கர் பெயருக்குப் பதிலாக "டம்மி அவுட்புட்" என்று காட்டினால், ஆடியோ ஐசியைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. 22.04-இல் சத்தத்தைக் கையாள்வது பல்ஸ்ஆடியோ, 24.04-இல் பைப்வயர். மாற்றம் பாதியில் நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். மற்றது, புதிய இன்டெல் மடிக்கணினிகளுக்குத் தேவையான எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் (ஆடியோ சிப்புக்குள் ஏறும் மென்பொருள்) பேக்கேஜ் விடுபட்டுப் போவது. ஸ்பீக்கரும் ஐசியும் நலமா என்று ஓஎஸ்ஸே இல்லாமல் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. எச்பியில் ஆன் செய்ததும் எஸ்கேப், பிறகு எஃப்2, டெல்லில் எஃப்12, அதில் வரும் மெனுவில் டயக்னாஸ்டிக்ஸ். உள்ளேயே இருக்கும் பரிசோதனை திறக்கும். அதில் சத்தம் கேட்டால் ஐசி கதை அங்கேயே முடிந்தது.

கடையில் யாராவது "போர்டு" என்று வாயெடுத்தால், லைவ் யுஎஸ்பியில் (ஓஎஸ்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டுவது) பூட் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் கணினியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவர் கோளாறா, உதிரிபாகக் கோளாறா என்று பிரித்தறிய இதைவிட மலிவான சோதனை கிடையாது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அப்கிரேடுக்கு முன் இருந்த பதிப்பையே அதில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ட்ரை என்று உள்ளே போய், டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கொடுத்துப் பாருங்கள். வைஃபை கார்டின் பெயர் பட்டியலில் வந்தால் கார்டு போர்டுடன் பேசுகிறது. செத்த கார்டு பெரும்பாலும் பட்டியலிலேயே வராது. ப்ராட்காம் சிப்புக்கு லைவ் முறையிலும் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும், அதற்குப் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். கூடவே விண்டோஸும் அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரும் இருக்கும் கணினி என்றால் அணைப்பதற்கு முன் ரெகவரி கீ கையில் இருக்கட்டும்.

பென்டிரைவ் இல்லாதவர்கள் ஆன் செய்யும்போது எஸ்கேப்பை, பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்தி, எதை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அதில் வைஃபை வந்தால் கோளாறு டிரைவரில்தான். வராவிட்டால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

திரை கறுத்துப் போவதும் இதே வகைதான். என்விடியா 820எம் போன்ற பழைய ஃபெர்மி தலைமுறை கிராபிக்ஸ் கார்டுகளுக்கு 390 வரிசை டிரைவரே கடைசி. அதன் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்தது, 24.04-இல் கிடைக்காது. "கிராபிக்ஸ் சிப் போச்சு, ரீபால் பண்ணணும்" என்று (சிப்பைக் கழற்றி மறுபடி சால்டர் செய்யும் வேலை) சொல்வதற்கு முன் க்ரப்பில் நோமோட்செட் (nomodeset, கிராபிக்ஸ் டிரைவர் இல்லாமல் எளிய திரையில் ஏற்றும் அமைப்பு) போட்டு ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். படம் வந்தால் லினக்ஸோடு வரும் நூவோ டிரைவருக்கு மாறிக்கொள்ளலாம்.

அப்கிரேட் சமயத்தில் நிஜமாகவே உதிரிபாகம் போவதும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சில ஜிபி அளவுக்கு எழுதும் வேலை என்பதால் ஏற்கெனவே தேய்ந்த டிஸ்க் அந்த நேரம் பார்த்துப் படுக்கும். ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை கொடுத்து ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் பெர்சன்டேஜ் யூஸ்டு (தேய்மானச் சதவீதம்), எவ்வளவு என்று பாருங்கள். சேலம் வெயிலில் தூசி அடைத்த ஃபேனோடு ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் மெஷின் சூடாகி நடுவில் அணைந்துவிடும். அப்கிரேட் பாதியில் நிற்க அதுவும் ஒரு காரணம். ஏற்காட்டில் வேறு தொல்லை. மழை, பனி மாதங்களில் ஈரம் ஏறி ரேம் பற்களில் களிம்பு படியும். அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி பொருத்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு சுற்று முழுமையாக ஓட்டிவிட்டு அப்கிரேடைத் தொடங்கலாம். வைஃபை கார்டே போயிருந்தாலும் மாற்றுவது ஒரு ஸ்க்ரூ, ஒன்றோ இரண்டோ ஆன்டெனா வயர்; சிப் லெவல் வேலை அல்ல. பழைய எச்பி, லெனோவோ மாடல்கள் சிலவற்றின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது என்பதை மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எங்களுக்கு லினக்ஸ் பழக்கமில்லைங்க" என்று அந்தக் கடை பிறகு சொன்ன சமாதானம் எடுபடாது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்த மெஷின்களைப் பிரித்து மேய்ந்த கடைகள்தான் இவை. பழக்கமில்லை என்றால் தெரியாது என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

ஃபார்மட்டில் போன கணக்குகள் திரும்பவில்லை. ஹார்டு டிஸ்க்காக இருந்திருந்தால் குயிக் ஃபார்மட்டுக்குப் பிறகும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் வைத்துப் பெரும்பகுதியை மீட்கலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் ஆகும்போதே ட்ரிம் கட்டளை போய்விடும். பழைய தரவு இருந்த இடங்களைச் சிப்பே காலி செய்துவிடுகிறது. ஆகவே எஸ்எஸ்டி மெஷினைக் கடையில் கொடுக்கும்போது எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். வைஃபை, சத்தம், திரை ஆகியவற்றைச் சோதிக்க அவர்களிடம் ஒரு பென்டிரைவ் இருந்தால் போதும், உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. கழற்ற முடியாத மாடல் என்றால் ஜாப் ஷீட்டில் "ஃபார்மட் செய்யக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்றும் காணாமல் போயிருந்தது. 4 ஜிபி வீதம் இரண்டு ரேம் இருந்த மெஷின் ஒற்றை 4 ஜிபியோடு திரும்பியது. மேக் முகவரியைக் காட்டியதும் கார்டுக்கான 1,850 ரூபாயைப் பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்த கடை, ரேம் என்றதும் "வரும்போதே ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்று நின்றுவிட்டது. மறுக்க இவரிடம் எழுத்து எதுவும் இல்லை. கொடுக்கும் முன் டிஎம்ஐடிகோட் மெமரி கட்டளை (sudo dmidecode -t memory) கொடுத்தால் ஒவ்வொரு ரேமின் அளவும் சீரியல் எண்ணும் வரும். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியலையும் காட்டச் சொன்னால் (lsblk -o NAME,SIZE,SERIAL) டிஸ்க்கின் சீரியல் வரும். யுபவர் கட்டளையில் (upower -d) பேட்டரியின் தற்போதைய கொள்ளளவும் அசல் கொள்ளளவும் வரும். மூன்றையும் போட்டோ எடுத்து, கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிட்டு மெஷினைக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். அந்த வெள்ளைத் தாள் பில்லில் பழைய கார்டு பற்றி ஒரு வரியும் இல்லை, இவரும் கேட்கவில்லை.

புகார் கொடுப்பவர்களுக்கு: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், இணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் வழியாகவும் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். கடை பில் தர மறுத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே தனிக் குற்றச்சாட்டு. பில் இல்லையே என்று புகாரைக் கைவிட வேண்டாம், ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் சேர்த்துக் கொடுங்கள். தொழிலுக்குப் பயன்படும் மெஷின் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை இந்தச் சட்டத்துக்குள் வராது. வாங்கிய பொருளைச் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. எதிர்த்தரப்பு முதலில் கையிலெடுக்கும் வாதம் இதுவாகத்தான் இருக்கும் என்பதால், சொந்தப் பிழைப்புக்கான தொழில் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.