27 ஆண், 4 பெண்: அபிஸ்டோவுடன் இரண்டரை ஆண்டுகள்

"அபிஸ்டோ ஜோடி ஒன்று வாங்கலாமா?" என்று நண்பர் சென்ற வாரம் கேட்டார். அபிஸ்டோ என்பது அபிஸ்டோகிராமா என்ற சின்னஞ்சிறு தென் அமெரிக்க வண்ணமீன். வேண்டவே வேண்டாம் என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. காரணத்தை நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

சென்னையில் என் மூன்றடிச் செடித் தொட்டியில் காகட்டூய்ட்ஸ் வகை அபிஸ்டோகிராமாவை இரண்டரை ஆண்டுகளாக வளர்க்கிறேன். உப்புக் குறைந்த தண்ணீர்தான் வேண்டும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். இந்த வகைக்கு அவ்வளவு அச்சம் தேவையில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 700க்குக் குறையாது. அதில் ஒரு பங்கு, ஆர்ஓ நீர் மூன்று பங்கு, காய்ந்த நாட்டு வாதுமை இலை இரண்டு, அவ்வளவுதான். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் என்று செடிகளும் செழித்து நிற்கின்றன. அடியில் மட்டும் நுண்மணல் வேண்டும். மணலை வாயில் அள்ளி, இரையைச் சலித்தெடுத்து, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும் மீன் இது.

என் கோபமெல்லாம் பெண் மீனைப் பற்றியது. கிடைப்பதே இல்லை. முதலில் ஒரு கடையில் ஜோடி என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாம் மாதம் அந்தப் 'பெண்'ணின் முதுகுத் துடுப்பில் முன்முட்கள் கொண்டைபோல நீளத் தொடங்கின. பெரிய ஆணுக்கு அடங்கி இருக்கும் சின்ன ஆண், பெண்ணைப் போலவே தோற்றம் காட்டும். நமக்குத் தெரியாமல் போகலாம். விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து ஒரு பெண்ணைப் பிடித்தேன். ஏப்ரல் கடைசியில் முட்டையிட்டது. தேறியவை 31 குஞ்சுகள். வளர்ந்தபின் எண்ணினால் 27 ஆண், 4 பெண். வெப்பம்தான் காரணம். 1996இல் ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அபிஸ்டோகிராமா இனங்களை ஆராய்ந்து, வளரும் முதல் வாரங்களின் வெப்பநிலையே ஆண் பெண் விகிதத்தை வெகுவாக மாற்றுகிறது என்று காட்டினார்கள். சூடு ஏறினால் ஆண்கள் கூடும். மே மாதத்தில் என் தொட்டி 31 டிகிரி. டிசம்பரில் 26 டிகிரியில் பிறந்த அடுத்த தொகுதியில் 22க்கு 10 பெண்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் மேசை விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நீர் விரற்கடை அளவு வற்றும். தினமும் ஆர்ஓ நீரால் மட்டும் ஈடுகட்ட வேண்டும், இல்லையேல் உப்பு ஏறிவிடும். கடற்காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஒரு டிகிரியோடு நின்றுவிடுகிறது. மின்சாரம் போனால் அதுவும் இல்லை. மிஞ்சிய ஆண்களோ ஒரே தொட்டியில் ஒன்றையொன்று கிழிக்கின்றன. எங்கே கொண்டுபோய் விடுவது?

இவ்வளவுக்கும் நடுவில் அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஐந்து சென்டிமீட்டர் உடம்பு. குகைபோலக் கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சியின் உட்கூரையில் செம்முட்டைகளை ஒட்டியதும் மேனி முழுவதும் மஞ்சளாகி, மேலே கரிய திட்டுகள் எழுந்தன. இருமடங்கு பெரிய ஆணையே வாசலில் நெருங்க விடவில்லை. குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய மறுநாள் கண்ணாடி அருகே என் நிழல் விழுந்தது. அவள் உடலை வெடுக்கென்று ஒரு முறை உதறினாள். மேகம்போல மிதந்த குஞ்சுகள் அனைத்தும் அதே நொடியில் மணலில் விழுந்து அசையாமல் கிடந்தன. நான் மூச்சுவிடாமல் நின்றேன். அவள் மெல்ல நகர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக எழுந்தன. இருபது ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். இதற்கு ஈடாக எதையும் கண்டதில்லை.

ஆனாலும் நண்பருக்குச் சொன்ன பதிலை மாற்றப் போவதில்லை. கோடையில் தொட்டியை 27 டிகிரிக்குள் வைக்க வழியில்லாதவர் வாங்க வேண்டாம். கோடையில் பிறந்தவை வளர்ந்து கடைக்கு வரும் மழைக்காலத்தில் ஜோடி என்று யாராவது விற்றால், கொண்டை முளைக்கிறதா என்று மூன்று மாதம் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கொட்டாங்குச்சிக்குள் நேற்று இரவு மறுபடியும் முட்டை. தண்ணீர் 30 டிகிரி. விசிறி விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.