டால்ஹவுஸ் கிட்: மெல்லிசு ப்ளைவுட்டா, கனமான எம்டிஎஃப்பா? ரெண்டையும் கட்டினவ சொல்றேன்

போன மாசம் என் பொண்ணு "அம்மா, வீட்டோட மூஞ்சி கழண்டுடுச்சு"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தா. போய்ப் பார்த்தா டால்ஹவுஸோட, அதான் பொம்மை வீட்டோட முன்சுவர், அதான் வாசலும் ஜன்னலுமா கதவு மாதிரி திறக்கும்ல அந்த முழுப் பலகை, மேல் கீல் பிச்சுக்கிட்டு கீழ் கீல்ல தொங்கிட்டு இருக்கு. ஸ்க்ரூ எல்லாம் கீல்லயே பத்திரமா இருக்கு, அது இருந்த ஓட்டைதான் மாவா உதிர்ந்து கிடக்கு. அன்னிக்கு ராத்திரி பசையும் தீக்குச்சியுமா உக்காந்தப்பதான் இதை எழுதணும்னு தோணுச்சு. எந்த கிட் (துண்டு துண்டா வரும், நாமளே ஒட்டிக் கட்டணும்) வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு எல்லாரும் கட்டுறது ஈசியா கஷ்டமான்னு மட்டும்தான் சொல்றாங்க, கட்டி முடிச்ச அப்புறம் என்ன ஆகும்னு யாரும் வாயே திறக்குறதில்ல.

எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. மூத்தது எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கனம், காடி (ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற பள்ளம்) வெட்டின பலகைகள், முன்னாடி திறக்குற கதவு. அஞ்சு வருஷம் ஆச்சு. இளையது 3 மில்லிமீட்டர் ப்ளைவுட், அச்சுல குத்தி வச்ச துண்டுகள் ஷீட் ஷீட்டா வரும், ஓரத்துல நீட்டிட்டு இருக்குற நாக்கைத் துளையில சொருகிச் சொருகிக் கட்டணும், பின்பக்கம் மொத்தமும் திறந்தே இருக்கும். அதுக்கு மூணு வயசு. ரெண்டுமே 1:12 அளவுதான், அதாவது நிஜத்துல ஒரு அடி இங்க ஒரு அங்குலம், அதனால சாமான் செட்டெல்லாம் ரெண்டுக்கும் பொது. (பார்பியை இதுல குடி வைக்கலாம்னு கனவு காணாதீங்க, அவ பதினொன்றரை அங்குலம், தலை கூரையைத் தாண்டும். அவளுக்கு 1:6 அளவு வீடு வேணும்.)

இன்னொருத்தி கேட்டா நான் ப்ளைவுட்டுன்னுதான் சொல்லுவேன், முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் நடுநிலையா எழுதலன்னு யாரும் கோவிச்சுக்க வேணாம்.

ஈசின்னு பார்த்தா எம்டிஎஃப்தான், அதுல பேச்சே இல்ல. பலகை பத்துப் பன்னெண்டுதான், காடியில பசை விட்டு சொருகி, மூலைமட்டம் வச்சுப் பார்த்து, மாஸ்கிங் டேப் சுத்தி விட்டா ரெண்டு சாயங்காலத்துல வீடு நிக்கும். சுவர் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கும், பெயின்ட்டும் முகத்துல வழவழன்னு உக்காரும். ஓரத்துக்கு மட்டும் ரெண்டு மூணு கோட் ப்ரைமர் வேணும், ஓரம் தாகத்துல தண்ணி குடிக்கிற மாதிரி பெயின்ட்டை உறிஞ்சும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி ரொம்ப நைஸு, அதுல பிசினும் கலந்திருக்கு.

ப்ளைவுட்டோ பொறுமையைச் சோதிக்கும். துண்டை ஷீட்டுலேர்ந்து பிடுங்கக் கூடாது, பின்னாடியிலேர்ந்து கத்தி முனையால அங்கங்க இருக்குற பிடிப்பை அறுத்து விட்டு மெதுவா தள்ளணும், இல்லன்னா மேல் படலம் பிச்சுக்கிட்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் நாலு ஓரமும் உப்புத்தாள் போட்டாகணும், முதல் நாளே கட்டைவிரல்ல சிலாம்பு ஏறிடுச்சு எனக்கு. பசை போடுறதுக்கு முன்னாடி வெறும் டேப் வச்சு முழு வீட்டையும் ஒருதரம் நிப்பாட்டிப் பார்க்கணும், அதைச் செய்யாம நேரா பசையோட இறங்குனா மூணாவது சுவர்லயே எங்கயோ ஒரு நாக்கு துளைக்குள்ள போகாம நிக்கும், அதுக்குள்ள மத்ததெல்லாம் காஞ்சு போயிருக்கும். எனக்கு முழுசா ஒன்றரை மாசம் ஆச்சு, வார கடைசிகள்ல மட்டும்.

அப்புறம் வளைவு. ப்ளைவுட்டுக்கு இது பெரிய கெட்ட பேர், கெட்ட பேருக்குக் காரணமும் இருக்கு. மாடித் தரையை ஒரு பக்கம் மட்டும் வாட்டர் பெயின்ட் அடிச்சு வச்சுட்டுத் தூங்கப் போனேன், காலையில பார்த்தா தாம்பாளம் மாதிரி குழிஞ்சு கிடக்கு. ஒரு பக்கம் ஈரம் குடிச்சு உப்பி அப்புறம் காஞ்சு இழுக்கும், இன்னொரு பக்கம் சும்மா இருக்கும், 3 மில்லிமீட்டர் பலகை அந்த இழுப்பைத் தாங்காது. மறுபக்கத்தை ஈரத்துணியால துடைச்சு, தடிமனான புத்தகங்களை அடுக்கி ரெண்டு நாள் அழுத்தி வச்சேன், நிமிர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் எந்தப் பலகையா இருந்தாலும் ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் அடிக்கிறதுன்னு வச்சுக்கிட்டேன், அதோட பிரச்சனை முடிஞ்சுது.

கூரை ஓட்டுக்கும் இதே கதைதான். பிஞ்சு பிஞ்சு மர ஓடு நூத்துக்கணக்குல இருக்கும், தண்ணிப் பசை போட்டா ஒவ்வொண்ணும் ஓரம் சுருண்டு எழும்பும், தண்ணி கலக்காத பசைதான் அதுக்கு சரி. சாயம் போடுறதா இருந்தா ஒட்டுறதுக்கு முன்னாடியே முக்கி எடுத்துக் காய வச்சிடுங்க.

ஆக, கட்டுறதுல எம்டிஎஃப் ஜெயிச்சாச்சு. இப்ப என் விஷயத்துக்கு வர்றேன்: உடைஞ்சா என்ன பண்ணுவீங்க? குழந்தை விளையாடுற வீடு உடையும். அலமாரி மேல ஏத்தி வச்சு அழகு பார்க்குறவங்களுக்கு இந்தக் கேள்வி வேணாம், அவங்க கண்ணை மூடிட்டு எம்டிஎஃப் வாங்கலாம்.

எம்டிஎஃப்னா மரத்தை நார் நாராப் பிரிச்சு, பிசின் போட்டு அழுத்தின பலகை. முகம் ரெண்டும் கெட்டியா இருக்கும், உள்ளே நடுவுல பஞ்சு மாதிரி. கீல் ஸ்க்ரூவோ அந்த ஓரத்துக்குள்ள, பஞ்சு பக்கம்தான் இறங்குது, அதுவும் சின்னஞ்சிறு ஸ்க்ரூ. ஒரு நாளைக்கு இருபது தடவை கதவைத் திறந்து அதுமேலயே சாயற குழந்தை இருந்தா எவ்வளவு நாள் தாங்கும்? தீக்குச்சியைப் பசையில தோய்ச்சு ஓட்டையில அடைச்சு திரும்ப முடுக்கினேன், பத்து நாள் நின்னுச்சு. கொஞ்சம் பெரிய ஸ்க்ரூ போட்டேன், பலகையே ரெண்டாப் பிளக்கப் பார்த்துச்சு. கடைசியா சுவரோட உள்பக்கம் ஒரு நிஜ மரச் சட்டத்தை ஒட்டி, அதுல கீலை மாட்டினேன். கெட்டியா இருக்கு, ஆனா வரவேற்பறையில ஒரு கட்டை துருத்திட்டு நிக்குது, பொண்ணு அதைத் தூண்னு சொல்லிக்கிறா.

அடுத்தது தண்ணி. பொம்மைக் குளியல்தொட்டியில நிஜத் தண்ணி ஊத்தி பொம்மையைக் குளிப்பாட்டியிருக்கா, கேட்டா "அழுக்கா இருந்துச்சு". வழிஞ்ச தண்ணி அடிப்பலகையோட ஓரத்துல இறங்கி, ஊறின ரொட்டி மாதிரி உப்பிடுச்சு. காஞ்ச பிறகும் பழைய அளவுக்கு இறங்கல. தேய்ச்சா நார் நாரா எழும்புது, பட்டி போட்டு பெயின்ட் அடிச்சா தூரத்துலேர்ந்து பார்க்க ஓகே, விரல் வச்சா மேடு தெரியும். அந்த ஓரத்தை மாத்தணும்னா முழு அடிப்பலகையையும் மாத்தணும், அது காடியில பசையோட மாட்டிக் கிடக்கு.

ப்ளைவுட் வீட்டுக்கும் தண்ணி பட்டிருக்கு, பொய் சொல்ல மாட்டேன். வராந்தா தரையில மேல் படலம் ஒரு மூலையில தூக்கிக்கிச்சு. கத்தி முனையில பசை எடுத்து இடுக்குக்குள்ள தள்ளி, மேல மெழுகுத்தாள் விரிச்சு, புத்தகம் வச்சேன். மறுநாள் எங்க தூக்கிச்சுன்னே கண்டுபிடிக்க முடியல.

அதை விட முக்கியம் மிச்ச ஷீட். துண்டுகளை எடுத்த அப்புறம் ஓட்டை ஓட்டையா ஒரு சட்டம் மிஞ்சும்ல, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நான் எல்லாத்தையும் பீரோ பின்னாடி சொருகி வச்சேன், வீட்டுல எல்லாரும் குப்பை சேக்குறான்னு சிரிச்சாங்க. ஒரு நாள் பொண்ணோட சிநேகிதி மாடிக் கைப்பிடி மேல முழங்கையை ஊனி நாலு கம்பியை ஒடிச்சுட்டா. ஒடியாத கம்பியை மிச்ச ஷீட் மேல வச்சு பென்சில்ல வரைஞ்சு, கத்தியால ஒரே கோட்டுல ஏழெட்டு தடவை மெதுவா இழுத்து, நாலு புதுக் கம்பி வெட்டி எடுத்தேன். ஒரே மரம், ஒரே கனம், ஒரே நிறம். அரைமணி நேர வேலை. ஜன்னல் மேல இருக்குற அலங்காரப் பட்டை, படிக்கட்டுல ஒரு படி, எல்லாம் அப்படித்தான் வந்துச்சு. 9 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பை சமையலறை மேஜையில உக்காந்து கத்தியால வெட்டிப் பாருங்க, அப்பத் தெரியும்.

கீலே இல்லாத வீட்டைக் கீல் இருக்குற வீட்டோட ஒப்பிடுறது நியாயமான்னு கேட்டா, பாதி நியாயம்தான். பின்பக்கம் திறந்த வீட்டுல தூசி அடையும், வாரம் ஒருதரம் பெயின்ட் பிரஷ் வச்சுத் தட்டுறேன், எம்டிஎஃப் வீட்டுல அந்தத் தொல்லை இல்ல. இங்கிலாந்துல வின்ட்சர் கோட்டையில ராணி மேரியோட பொம்மை வீடு இருக்கு, 1921லேர்ந்து 1924க்குள்ள கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் வடிவமைச்சது, அதுவும் இதே 1:12 அளவு, குழாயில தண்ணி வர்ற மாதிரி, விளக்கு எரியுற மாதிரியே கட்டினது. அதுல வெளிச்சுவர் மொத்தமும் மூடி மாதிரி மேல தூக்கிக்கும், கீலும் இல்ல, தூசியும் இல்ல. நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது.

விளக்கு போடுறவங்களுக்கு எம்டிஎஃப் ஒரு படி மேல. கனம் இருக்குறதால சுவர்ல சின்ன பள்ளம் கீறி வயரை உள்ள புதைச்சிடலாம், ப்ளைவுட்டுல இடமே இல்ல, வயருக்குப் பதிலா தாமிர டேப்பை ஒட்டி மேல வால்பேப்பர் போட்டு மறைக்கணும். நான் எம்டிஎஃப் வீட்டுல மட்டும்தான் விளக்கு போட்டேன், அதுவும் பேட்டரி எல்இடி, அதனால இதுல என் பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்க. ஒண்ணு மட்டும் ரெண்டு வீட்டுக்கும் சொல்லலாம், கூரையை ஒட்டுறதுக்கு முன்னாடி வயர் எங்க வெளிய வரும்னு முடிவு பண்ணிடுங்க. ஹாட் க்ளூவை (சூடாக்கி உருக்கி ஒட்டுற பசை) மட்டும் சுவர் ஒட்ட எடுக்காதீங்க, ஒட்டும்போது சுகமா இருக்கும், நாள்பட விட்டுடும், மரப்பசைதான் நம்பலாம்.

அப்புறம் லேசர்ல வெட்டின குட்டி ரூம் கிட், 1:24 அளவுல டீக்கடை, நூலகம்னு வருதே, அதையும் ஒண்ணு பண்ணினேன். அழகோ அழகு, ஆனா விளையாடுறதுக்கு இல்ல, ட்வீசர்ல பிடிச்சு ஒட்டின நாற்காலியைக் குழந்தை தொட்டா காலி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிட்டேன்.

எம்டிஎஃப்பே வாங்கியாச்சுன்னா கீல் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. ஸ்க்ரூவை விட மெல்லிசான ட்ரில்ல ஓட்டை போட்டு, அதுக்குள்ள ஒரு சொட்டு நீர்த்த பசையை இறக்கி, முழுசா காய விட்டு அப்புறம் முடுக்குங்க. அந்தப் பஞ்சு இறுகிக்கும், ஸ்க்ரூ கொஞ்சமாவது கடிக்கும். அடிப்பலகை ஓரம் நாலையும் மரப்பட்டை ஒட்டி மூடிட்டா தண்ணியும் சுலபமா இறங்காது. எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்தத் தூண் வந்திருக்காது.

ப்ளைவுட் வீட்டை இவ்வளவு புகழ்றேனே, பொம்மைக் குடும்பம் எங்க குடியிருக்குன்னு நினைக்கிறீங்க? எம்டிஎஃப் வீட்டுலதான். கேட்டா "இதுலதானேம்மா கதவு திறக்கும்"ங்குறா. ப்ளைவுட் வீட்டுக்கு விருந்தாளிங்க மட்டும் வருவாங்களாம்.