சேஸி வெல்டிங் என்று 3,800 பவுண்ட் வாங்கிவிட்டுக் கறுப்புத் தார் பூசிக் கொடுத்தார்கள்: செவன் வகை கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

3,800 பவுண்ட். இங்கிலாந்தில், கிட் கார்களுக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் மட்டுமே வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஒர்க்‌ஷாப் என்னிடம் இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைக்கு பில் போட்டுக் கொடுத்திருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் போயிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிய வேண்டும். இது வெறும் பெயின்ட் வேலையாக இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் வராது. சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் குழாயையே துருப்பிடித்தபடி மூடி, ஓட்டிக்கொண்டு போ என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்த வகை கார் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957இல் லோட்டஸ் கொண்டுவந்த செவன்தான் இதற்கெல்லாம் மூலம். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அன்றைய பர்ச்சேஸ் டாக்ஸ் கிடையாது என்பதால் கிட்டாகவே நிறைய விற்றது. 1973இல் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அதே வடிவத்தில் வேறு பல கம்பெனிகளும், வீட்டு கராஜில் சொந்தமாகச் செய்தவர்களும் ஏராளம். கதவு கிடையாது, கூரை கிடையாது, துணி ஹூட் ஒன்று பட்டனில் மாட்டலாம். எடை 500 முதல் 600 கிலோ. அந்த எடைக்குக் காரணம் சேஸிதான்: ஒரு அங்குல எஃகுக் குழாய்களைக் கூண்டு மாதிரி வெல்டிங் செய்து, மேலே மெல்லிய அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்திருப்பார்கள். குழாயின் சுவர் கனம் 1.6 மில்லிமீட்டர்தான். துருவுக்கு விட்டுக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை.

துரு எங்கே வரும் என்பதிலும் ரகசியம் இல்லை. பக்கவாட்டு அலுமினியத் தகடு கீழே வந்து, அடிக்குழாயைச் சுற்றி மடிந்து, அடியில் ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. ரிவெட்டுக்காகத் துளை போடும்போதே பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சுட்ட பெயின்ட்) உடைந்துவிடும், துளையின் விளிம்பில் வெறும் எஃகு தெரியும். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு அந்தத் தண்ணீரோடு சேர்ந்தால், எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். கோட்டிங்குக்கு அடியில் துரு ஊர்ந்து போகும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும், விரல் நகத்தால் கீறினால் கோட்டிங் பாலாடை போல உரிந்து வரும். துளை வழியாக உள்ளே போன ஈரம் குழாயை உள்ளிருந்தும் தின்னும். என் காரில் பாதிக்கப்பட்டது இரண்டு பக்க அடிக்குழாய்களின் பின்பாதி. பின்பக்க ஆக்ஸிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் டிரெய்லிங் ஆர்ம் அங்கேதான் சேஸியில் மாட்டுகிறது.

அந்த ஒர்க்‌ஷாப்பை நம்பவைத்த நேரத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவர்கள் விஷயம் தெரியாதவர்கள் இல்லை. காரை ராம்ப்பில் ஏற்றியதும், அங்கே வேலை பார்ப்பவர் டார்ச்சோடு நேராக அந்த மடிப்புக்குத்தான் போனார். சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் குழாயை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வந்தார். முன்னால் 'டிங்' என்று கேட்ட சத்தம், சீட்டுக்கு அடியில் வந்ததும் 'டப்' என்று மாறியது. இந்த இடம் போய்விட்டது, நல்ல இரும்பு கிடைக்கும்வரை வெட்டி எடுத்து, உள்ளே ஸ்லீவ் (உட்குழாய்) வைத்துப் புதுக் குழாய் பற்றவைக்க வேண்டும், மேலே பேட்ச் ஒட்டுவது மோசடி என்று அவர் வாயாலேயே சொன்னார். ஆமாம், மோசடி என்ற சொல்லை முதலில் எடுத்தது அவர்தான். செவன் சேஸியை அறிந்த எவரும் அதைத்தான் சொல்வார்கள். அவ்வளவு சரியாகச் சொன்னவரைச் சந்தேகிக்க ஒரு காரணமும் இல்லை.

பில்லில் இருந்தவை: இரண்டு பக்க அடிக்குழாய் வெட்டி மாற்றுதல், கிரிட் பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்துத் துருவை நீக்குதல்), எபாக்ஸி பிரைமர், பெயின்ட், புதுப் பக்கத் தகடுகள், கடைசியில் நான்கு சக்கரத்திலும் எடை பார்த்து செட்டிங். மொத்தம் 3,800. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, பேங்க் டிரான்ஸ்பர் செய்யுங்கள் என்றார்கள். நடுவில் ஒரு போட்டோ வந்தது: பிளாஸ்டிங் முடிந்து சாம்பல் நிறத்தில் வெறும் சேஸி. இப்போது அதைப் பெரிதாக்கிப் பார்த்தால், பின்னால் டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) தொங்கவிடும் பிராக்கெட்டுகள் தெரிகின்றன. என் கார் லைவ் ஆக்ஸில். டிஃபரென்ஷியல் ஆக்ஸிலுக்குள்ளேயே இருக்கும், சேஸியில் அதற்கு பிராக்கெட்டே கிடையாது. அது வேறு யாருடைய டி டியான் (டிஃபரென்ஷியலைச் சேஸியில் மாட்டும் வகை) காரின் படமோ.

கார் கைக்கு வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால்தான் தெரிந்தது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் லேசாக ஒரு பக்கம் விலகும், மிதித்தால் மறுபக்கம் இழுக்கும். கிளட்ச் பிடிக்கும்போது பின்னாலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம். டயர் பிரஷர் 18 பிஎஸ்ஐயில் சரியாக இருந்தது. இவ்வளவு லேசான காரில் சாதாரண கார் மாதிரி 30 வைத்தாலும் வண்டி துள்ளும், அதனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டிரெய்லிங் ஆர்ம் புஷ்களும் (அது மாட்டும் இடத்து ரப்பர் உருளைகள்) நன்றாக இருந்தன. அப்படியென்றால் அசைவது புஷ் இல்லை, அதைப் பிடித்திருக்கும் இரும்பு.

எடை செட்டிங் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். டிரைவர் உட்கார்ந்த நிலையில் முன் இடது 151, முன் வலது 151, பின் இடது 163, பின் வலது 163 கிலோ. இந்தத் தாள் ஒன்றே போதும். இங்கே டிரைவர் வலதுபக்கம் உட்காருகிறார். 550 கிலோ காரில் ஒரு ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் கனக்கத்தான் செய்யும். ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கும் பிளாட்ஃபார்மை எவ்வளவு திருகினாலும் இடது-வலது மொத்தமும் முன்-பின் மொத்தமும் மாறாது. ஒரு மூலையை உயர்த்தினால் அதற்கும் குறுக்கே எதிர்மூலைக்கும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும், அவ்வளவுதான். சரியான செட்டிங்கில் நாம் கொண்டுவருவது குறுக்குவாட்டுக் கூட்டல் இரண்டும் சமமாவது. நான்கு சக்கரமும் ஜோடி ஜோடியாக ஒரே எண் காட்டினால், எடை மேடையில் கார் ஏறவே இல்லை என்று அர்த்தம். ஷாக் அப்சார்பரில் அந்த பிளாட்ஃபார்மை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கைப் பார்த்தேன். மரைகளில் பழைய மண் அப்படியே காய்ந்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

எம்ஓடி பரிசோதனையில் (பிரிட்டனில் கார்களுக்கான கட்டாயத் தகுதிச் சோதனை) விஷயம் உடைந்தது. பரிசோதகர் பாகங்களைக் கழற்றக்கூடாது, துருவைச் சோதிக்கும் கருவியால் தட்டவும் சுரண்டவும் மட்டுமே செய்யலாம். வலதுபக்கம் டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட்டுக்கு ஒரு சாண் முன்னால் தட்டினார். கறுப்பாக ஒரு சில்லு விழுந்தது. அதன் பின்னால் வெள்ளைப் பட்டி (ஓட்டையை அடைக்கும் ஃபில்லர் பசை), அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் இலை இலையாக இரும்பு. சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாட்டும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இப்படி இருந்தால் தேறாது, பட்டியால் அடைத்ததையும் ஏற்கமாட்டார்கள். ஃபெயில்.

பிறகு வேறொரு வெல்டரிடம் கொண்டுபோய் நாலைந்து ரிவெட்டை எடுத்து, போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தோம். புதுக் குழாய் எங்கேயும் இல்லை. வெல்டிங் தையல் ஒன்றுகூட இல்லை. செய்தது இவ்வளவுதான்: அடியில் இருந்த ரிவெட் வரிசையை மட்டும் துளைத்து எடுத்திருக்கிறார்கள். மடிப்பை நிமிர்த்தி, ஓட்டையில் பட்டியை அப்பி, கறுப்புத் தார் அண்டர்சீலை ஸ்பிரே செய்து, பழைய தகட்டையே திரும்ப மடித்துப் புது ரிவெட் அடித்திருக்கிறார்கள். அடியில் ரிவெட் பளபளவென்று இருக்க, மேல் வரிசை மங்கிப் போயிருக்கிறது. ஒருமுறை மடித்து இறுகிய அலுமினியத்தை நிமிர்த்தித் திரும்ப மடித்தால் விரிசல் விடும். மடிப்பு ஓரத்தில் மயிரிழை விரிசல் நீளமாக ஓடுகிறது. 'புதுத் தகடு' என்று பில் போட்ட அதே தகட்டில், உள்பக்கம் பழைய கல்லடிப் பள்ளம் அப்படியே இருக்கிறது. வெளியே மட்டும் பெயின்ட். இதற்கு 3,800 பவுண்ட்.

முறையான வேலை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் எங்கே ஏமாற்றுவார்கள் என்பதும் தெரியும். பக்கத் தகடு முழுவதும் கழல வேண்டும். வெட்டுவதற்கு முன் சேஸியை ஜிக்கில் (அளவு மாறாமல் பிடிக்கும் சட்டம்) பிடிக்க வேண்டும், குறைந்தபட்சம் குறுக்களவுகளை அளந்து எழுதி, கோணக்கம்பி பற்றவைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் சூட்டில் குழாய் இழுத்துக்கொண்டு பின் ஆக்ஸில் கோணலாகும். துரு போன இடத்தை மட்டுமல்லாமல் இருபுறமும் முழுக்கனம் கிடைக்கும்வரை வெட்ட வேண்டும். உள்ளே ஸ்லீவ், சுற்றிலும் விடுபடாத தையல் வெல்டிங். பிறகு பிளாஸ்டிங், அதே நாளில் பிரைமர், பெயின்ட். தகடு உட்காரும் முகத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் பட்டை ஓட வேண்டும், எஃகும் அலுமினியமும் நேராகத் தொடக்கூடாது. ரிவெட் தலை மூடிய சீல்டு ரகம், ஒவ்வொன்றும் ஈரமான சீலன்ட்டில் முக்கி அடிக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் ரிவெட்டுக்கு 3.3 துளை. கடைசியாகக் குழாய்களுக்குள் மெழுகு ஸ்பிரே. திரும்பப் பூட்டும்போது நைலாக் நட் (தானாகத் தளராத நட்) எல்லாம் புதிது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தரையில் நின்று, ஆள் உட்கார்ந்த உயரத்தில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே முறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. எம்ஓடி தாளோடு போன் செய்தபோது, ஐயோ அப்படியா, கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றார்கள். கொண்டுவரத் தேதி கேட்டால் ஒர்க்‌ஷாப் நிறைந்திருக்கிறது, அடுத்த மாதம் என்றார்கள். படங்களை அனுப்பினேன். பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் முதலாளி விடுமுறையில் என்றார்கள். அப்புறம் வெல்டிங் வெளியே கொடுத்தோம், அவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். அவர் யார் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். பிறகு எழுத்தில் ஒரு பதில்: உப்பு ரோட்டில் ஓட்டியதால் வந்த புதுத் துரு இது, பில்லில் 'தேவைப்பட்ட இடங்களில்' என்றுதான் இருக்கிறது. புதுத் துரு பட்டிக்கு அடியிலா வரும்? சுத்தியலால் தட்டி, இந்த இடம் போய்விட்டது என்று சொன்னவரே அந்த இடத்துக்கு வெல்டிங் தேவைப்படவில்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது? அந்தக் கேள்விக்குப் பிறகு நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

பேங்கிடமும் கேட்டாயிற்று. கடை உண்மையில் இருக்கிறது, வேலை சரியில்லை என்பது சிவில் தகராறு, டிரான்ஸ்பர் மோசடிக்கான இழப்பீட்டில் இது வராது என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவில் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்கியிருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான விலைக்கு அது பொருந்தும். கார்டு மெஷின் ஏன் 'வேலை செய்யவில்லை' என்பது இப்போது விளங்குகிறது. மிச்சம் இருப்பது 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்குகளுக்கான) கோர்ட்டும்தான். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்ட் வரை அங்கே போகலாம், 3,800க்கு அது போதும். வெல்டரின் எழுத்துமூல அறிக்கை, கேமரா வீடியோ, அந்த எடைத் தாள் எல்லாம் சேர்ந்து போகிறது.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், மெஷின் ரிப்பேர் என்றால் ரிப்பேர் ஆனபிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். வேலைத் தாளில் 'தேவைப்பட்ட இடங்களில்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், எந்தக் குழாய், எங்கிருந்து எங்கே, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். வெட்டியெடுத்த பழைய குழாயைக் கேட்டு வாங்குங்கள். உண்மையாக வெட்டியிருந்தால் தருவதில் என்ன கஷ்டம்? தகடு மூடுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், போட்டோவில் சேஸி நம்பர் தெரியாவிட்டால் அது உங்கள் கார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செவன் வகை கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே சீட்டுக்கு அடியில் அந்த அடிக்குழாயைத் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் பூசியிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டியே ஆக வேண்டும்.

இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருந்தால் பில்லையும் படங்களையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கடையின் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம். வழக்குக்கு உதவும்.