ரிவெர்பை வாசிக்க வேண்டுமா? கன்வல்யூஷனும் அல்காரிதமும்

ரிவெர்ப் என்பது கூடத்தில் பாடியதுபோல் ஒலியை நீட்டும் எதிரொலி விளைவு. கன்வல்யூஷன் வகை ஓர் இடத்தின் பதிவிலிருந்து அதைத் தரும், அல்காரிதம் வகை கணக்கிட்டே உருவாக்கும். பாட்டுக்குக் கொஞ்சம் இடமும் ஆழமும் மட்டும் வேண்டுமென்றால் எந்த ரிவெர்பும் போதும். ரிவெர்பையே ஒரு வாத்தியமாக வாசிக்க நினைக்கும்போதுதான் கேள்வி வருகிறது. வரியின் கடைசிச் சொல் மட்டும் நீண்டு தொங்க வேண்டும், அடுத்த வரி வந்ததும் அடங்க வேண்டும். இந்த வேலைக்கு என் ஓட்டு அல்காரிதத்துக்கே.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அல்காரிதத்துக்கு வல்ஹல்லா சூப்பர்மாஸிவ் இலவசம். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாவெர்ப் கன்வல்யூஷனைப் பார்த்துக்கொள்ளும். நிஜக் கூடம், சுருள்கம்பியால் எதிரொலி தரும் ஸ்பிரிங் டேங்க், உலோகத் தகட்டால் தரும் பழைய பிளேட் ஆகியவற்றின் சாயலில் கன்வல்யூஷனை அடிக்க ஆளில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தீர்ப்பு சொல்வது ஒரே விஷயம்: பாட்டு ஓடும்போதே டிகேயை, அதாவது ரிவெர்பின் வால் அடங்க எடுக்கும் நேரத்தை, மாற்ற முடிகிறதா? கன்வல்யூஷன் பதிந்து வைத்த ஐஆர் கோப்பை (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், ஓர் இடம் ஒலிக்கும் விதத்தின் பதிவு) நம்பியிருக்கிறது. டிகேயைத் தொட்டால் பல பிளக்கின்கள் அந்தக் கோப்பையே திரும்பக் கணக்கிடும். அந்த நொடியில் ‘டிக்’ என்று வெட்டும், அல்லது வால் அறுந்துபோகும். குறைப்பதாவது பரவாயில்லை, நீட்டினால் ஐஆர் ரப்பர் மாதிரி இழுபட்டு நிறம் மாறிவிடும். வெவ்வேறு நீளத்தில் இரண்டு ஐஆரை இரண்டு ஆக்ஸில் (துணைத் தடத்தில்) போட்டு, அங்கே ஒலியை அனுப்பும் சென்டை மாற்றி மாற்றி ஏற்றலாம். வேலை நடக்கும், ஆனால் இரட்டை வேலை.

அல்காரிதத்தில் டிகே என்பது பெரும்பாலும் ஃபீட்பேக் (ஒலி மறுபடி உள்ளே சுழலும்) அளவுதான், அதனால் வழுக்கிக்கொண்டு மாறும். 90 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 667 மில்லிவிநாடி. 4/4 தாளத்தில் மூன்று பார் என்றால் சரியாக 8 விநாடி. சாதாரண டிகே 1.8 விநாடி. கடைசி அசைக்குச் சற்று முன் அதை 8க்கு ஏற்றி, அந்த அசைக்கு மட்டும் சென்டைத் திறந்து உடனே மூடுங்கள். அடுத்த வரிக்கு ஒரு பீட் முன்பே டிகேயை 1.8க்கு இறக்கிவிட வேண்டும். மறந்தால் பழைய வால்மேல் புதிய வரி ஏறி, சொல் புரியாது. ரிவெர்புக்கு முன்னால் 300 ஹெர்ட்ஸில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்) கட்டாயம். இல்லையேல் 8 விநாடியும் அடிப்பகுதி சேறாகத் தேங்கும்.

ஒரு எச்சரிக்கை: ஆட்டோமேட் செய்ய (பாட்டு ஓடும்போது தானாக மாறவைக்க) வேண்டியது டிகேயை, அறையளவைக் குறிக்கும் சைஸை அல்ல. சைஸ் மாறினால் உள்ளே டிலே நீளங்களே மாறும். வால் சுருதி வழுக்கும், அல்லது படபடக்கும். அதுவே வேண்டுமென்றால் வேறு கதை.

பிருகா நிறைந்த குரலென்றால் ரிவெர்ப் ரிட்டர்னில் (ரிவெர்ப் ஒலி திரும்பி வரும் தடத்தில்) ஒலியை அமுக்கும் ஒரு கம்ப்ரெஸர் வையுங்கள். எப்போது அமுக்க வேண்டும் என்று சொல்லும் சைட்செயினுக்கு நேர்க்குரல், 4:1, அட்டாக் 5 மில்லிவிநாடி, ரிலீஸ் 250. பாடும்போது 6 டெசிபெல் அமுங்கி, மூச்சு விடும் இடத்தில் வால் எழும். ரிலீஸைப் பாட்டின் வேகத்துக்கேற்ப காதால்தான் திருத்த வேண்டும், எல்லாக் குரலுக்கும் இதே எண் சரிவராது.

அல்காரிதம் சறுக்கும் இடம் தம்புரா. மாடுலேஷன் வாலின் சுருதியை லேசாக ஆட்டும். கிட்டாரில் அது அழகு. நிலையான ஸட்ஜத்தின் பக்கத்தில் அலை அலையாக இடிக்கும். மாடுலேஷன் ஆழத்தைச் சுழியத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போது வால் உலோகமாக ஒலித்தால், அந்த ஒரு டிராக்குக்குக் கன்வல்யூஷனே மேல்.

கன்வல்யூஷனின் தனி விளையாட்டு இன்னொன்று உண்டு. ஐஆர் இருக்க வேண்டிய இடத்தில் கைத்தாளத்தை உரசிய ஓசையையோ மழையையோ ஏற்றலாம். அதைச் செய்யும் முன் ரிட்டர்ன் ஃபேடரை 20 டெசிபெல் இறக்கிவிடுங்கள். ஒலி எவ்வளவு எகிறும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது.

சொல் வருவதற்கு முன்பே எழும் தலைகீழ் வாலுக்கு எது இருந்தாலும் ஒன்றுதான். முதல் சொல்லை நகலெடுத்துத் திருப்புங்கள், ரிவெர்பை முழு ‘வெட்’டில் (மூலக்குரல் இல்லாமல் ரிவெர்ப் மட்டும்) வைத்து வாலோடு பவுன்ஸ் செய்யுங்கள் (புது ஒலிக்கோப்பாக்குங்கள்), மறுபடி திருப்பி அதன் முடிவைச் சொல்லின் தொடக்கத்தில் ஒட்டுங்கள். பிளக்கினில் உள்ள ‘ரிவர்ஸ்’ பொத்தானை மட்டும் அழுத்தினால், வீக்கம் சொல்லுக்குப் பின்னால்தான் வரும்.