மருந்துச் சீட்டோடு முடியாத சிகிச்சை

தம்பிக்கு மனச்சிதைவு என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது, எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான் காட்டுகிறோம். டாக்டர் நல்லவர், ஆனால் வரிசை நீளம், ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. நான் எழுத வந்தது அங்கிருக்கும் மனநல சமூகப் பணியாளரைப் பற்றி.

முதல் நாளே அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டார்: வீட்டில் யார் கத்துவார்கள், மாத்திரையை யார் கொடுப்பது, வேலை போனது எப்போது. "சோம்பேறி" என்று அப்பா திட்டிக்கொண்டே இருந்தது தம்பியை எவ்வளவு பாதிக்கும், ஓயாத குறை சொல்லலால் நோய் திரும்ப வரலாம் என்பதை அவர் சொல்லித்தான் அப்பா கேட்டார். நாங்கள் சொன்னால் கேட்கவே மாட்டார்!

அப்புறம் மாற்றுத்திறனாளி சான்றிதழ். மனநோய்க்கும் அது உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. சலுகைகள் பெரும்பாலும் கிடைக்கப் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்க வேண்டும், சுயபராமரிப்பு, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று பார்த்து அதைக் கணக்கிடுகிறார்கள். எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது வரை எழுதிக் கொடுத்தார்.

குறை என்றால், அத்தனை நோயாளிகளுக்கும் இவர் ஒருவர்தான். பேசும் இடத்துக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். அம்மா அழுததை வரிசையே பார்த்தது. அது நியாயமே இல்லை, 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமை என்கிறது.

போகிறவர்கள் மருந்து வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள், சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். காலையிலேயே போனால் நிதானமாகப் பேசலாம்.