மகளின் நினைவுப் புத்தகம்: நான்கு வருடம் எழுதிய பிறகு

மகள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கிய புத்தகம் இது. கெட்டி அட்டை, ஓரத்தில் சுருள் கம்பி, பிறந்த நாளிலிருந்து ஐந்து வயது வரை நிரப்ப வேண்டிய பக்கங்கள். முதல் சிரிப்பு, முதல் பல், முதல் அடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், பக்கத்தில் தேதி எழுத ஒரு கோடு. இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள், அட்டை அழகு, பரிசு கொடுக்க ஏற்றது என்று. அவளுக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது, அதனால் உள்ளே எழுதிப் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

தாள் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பேனா மை பின்பக்கம் ஊறவில்லை, இத்தனை நாளில் மஞ்சளாகவும் மாறவில்லை. சுருள் கம்பி என்பதால் விரித்து வைத்தால் அப்படியே கிடக்கும், தோளில் தூங்கும் குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறவருக்கு அதுதான் பெரிய உதவி.

ஸ்கேன் படம் ஒட்டுவதற்கென்று ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு வரி கூட இல்லை. அந்தப் படம் பெரும்பாலும் கடை ரசீது மாதிரி தெர்மல் தாளில்தான் அச்சாகி வருகிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் மங்கிக்கொண்டே போகும், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் மெஷின் சூட்டில் கறுத்தே போய்விடும். நாங்கள் ஒட்டிய இரண்டில் ஒன்று இப்போது வெறும் சாம்பல் நிறத் தாள். மற்றதை மொபைலில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பியது. வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதை நகல் எடுத்து, நகலை ஒட்டுங்கள்.

அடுத்தது கையச்சு. முதல் வாரத்தில் எடுக்கச் சொல்கிறது புத்தகம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் எது பட்டாலும் விரல்கள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும், அது அனிச்சைச் செயல், மறைய ஐந்தாறு மாதம் ஆகும். மூன்று முறை முயன்றோம், மூன்றும் மைத்திட்டு. பாதம் மட்டும் முதல் தடவையிலேயே அழகாக விழுந்தது, சுண்டுவிரல் நுனி ஒரு கடுகளவு. அந்தப் பக்கத்துக்காகவே இந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

இனி என் உண்மையான குறை. கட்டங்களுக்கு மேலே மாதத்தை அச்சடித்திருக்கிறார்கள். 'எட்டாம் மாதம், தவழ்கிறேன்' என்று ஒன்று. என் மகள் தவழவே இல்லை. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு கையைத் துடுப்பு மாதிரி ஊன்றி, தரையில் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். ஒன்பதாம் மாதம், பத்தாம் மாதம், கட்டம் காலியாகவே கிடந்தது. இரவில் அவள் தூங்கிய பிறகு மனைவி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6 வரை. நூற்றில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2022-இல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை எடுத்தே விட்டது. இத்தனை அகலமான ஒரு விஷயத்துக்கு ஒற்றை மாதத்தை அச்சடித்தால் பெற்றவர்கள் மனம் என்ன பாடுபடும்? சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நாங்களும் கேட்டோம். அவர் அவளைத் தரையில் விட்டு, இரண்டு கையையும் பயன்படுத்துகிறாளா, பிடித்துக்கொண்டு நிற்கிறாளா என்றெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் கவலை வேண்டாம் என்றார். பதினைந்தாம் மாதம் தத்தக்கா பித்தக்கா என்று ஏழு அடி நடந்து வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

பல் பக்கம், உயரம் எழுதும் பக்கம் எல்லாம் சரி, குறை சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம், எங்களுக்கு மறக்க முடியாமல் போனவை எதற்குமே இதில் கட்டம் கிடையாது. சட்டைப் பொத்தானைப் போடப் போன என் கையைத் தள்ளிவிட்டு முதன்முதலாக 'நானே' என்றாள். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைப்பாள், அது நழுவும், நாக்கை லேசாக நீட்டிக்கொண்டு மறுபடி பிடிப்பாள், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு நாள் ரகசியம் சொல்கிறேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே வாயை வைத்தாள், வார்த்தையே இல்லை, உஸ்ஸு உஸ்ஸு என்று வெறும் மூச்சுக்காற்று, முடித்துவிட்டு 'யார்கிட்டயும் சொல்லாதே' என்றாள். ரகசியம் என்றால் காதோடு சொல்வது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, என்ன சொல்வது என்பது பிறகு வந்தது. தன் நிழலை மிதிக்கப் பார்த்து, அது நகர நகரத் துரத்திய சாயங்காலம் ஒன்று உண்டு. இதையெல்லாம் எழுதக் கடைசியில் இருப்பது நான்கே நான்கு வெற்றுப் பக்கம், அவள் இரண்டு வயதைத் தொடும் முன்பே நிரம்பிவிட்டன. அதன் பிறகு துண்டுத் தாள்களில் எழுதி ஒட்டி, இப்போது அட்டை மூடுவதில்லை, ரிப்பனால் கட்டி வைத்திருக்கிறோம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் தாளுக்கும் கம்பிக்கும் அந்தப் பாதப் பக்கத்துக்கும். வேறு புத்தகம் பார்க்கிறவர்கள் கடைசிப் பக்கங்களிலிருந்து புரட்டிப் பாருங்கள், வெற்றுத் தாள் குறைந்தது இருபது இருந்தால் எடுங்கள், மாதம் அச்சடித்திருந்தால் அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிடுங்கள். எழுதுவதை அன்றிரவே எழுதித் தேதியும் போட்டுவிடுங்கள். 'நானே' என்ற அந்தத் துண்டுத் தாளில் நான் தேதி போடவில்லை, நீலச் சட்டையின் மூன்றாவது பொத்தான் என்பது மட்டும்தான் இருக்கிறது.